கோப்பைக்கு மேல் ஒரு பிள்ளையார் சுழி

இரண்டு விரல்கள். சுட்டுவிரலும் நடுவிரலும் லேசாக மடங்கி, மேசைமேல் டொக் டொக் என்று இரண்டு தட்டு.

நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருக்கும் லாவ் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறான். பார்வைகூட என் பக்கம் இல்லை. விரல்கள் மட்டும் கோப்பையின் அருகே வந்து தட்டிவிட்டுப் போகின்றன.

மாண்ட்ரியலில் அது ஜனவரியோ பிப்ரவரியோ. எழுபதுகள் பிறக்க ஓரிரு வருடம் இருந்தது. அறை நிலவறையில். சன்னலில் தெரிவது தெருவில் போகிறவர்களின் பூட்ஸ் மட்டும். ரேடியேட்டர் இருமிக்கொண்டிருந்தது. அதன்மேல் காயப்போட்ட கம்பளிக் கையுறைகளும் லாவின் கறுப்புத் தேயிலையும் சேர்ந்து, மழையில் நனைந்த கோணிப்பை போல ஒரு வாசனை. இன்றும் எங்காவது ஈரக் கம்பளி வாசனை வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது குளிர் இல்லை. டொக் டொக்.

சென்ற வாரம் குடியேற்ற அலுவலக வரிசைகளைப் பற்றி எழுதியிருந்தேன். லவாலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "உங்களுக்கு எல்லா விதிமுறையும் தெரிந்திருக்கிறதே, நீங்கள் எதிலும் மாட்டிக்கொண்டதே இல்லையா?"

மாட்டிக்கொண்டிருக்கிறேன். மாட்டிவிட்டும் இருக்கிறேன். கேட்டதால் சொல்கிறேன். இல்லாவிட்டால் இந்த அத்தியாயத்தை இன்னும் சில வருடம் ஒத்திப்போட்டிருப்பேன். ஒத்திப்போடுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அறையும் கெட்டிலும்

நான் அப்போது திருச்சியிலிருந்து பொறியியல் மேற்படிப்புக்கு வந்தவன். லாவ் ஹாங்காங்கிலிருந்து கணிதம் படிக்க வந்தவன். மூன்றாவது ஆள் ஞானப்பிரகாசம், யாழ்ப்பாணத்துக்காரர், வேதியியல் ஆராய்ச்சி மாணவர், எங்கள் இருவரையும்விட நாலைந்து வயது மூத்தவர். அந்நாளில் இந்த ஊரில் தமிழ்க் குரல் கேட்டால் ஆளைத் தேடிப் போய்ப் பார்ப்போம். அப்படித்தான் அவர் எனக்கு 'ஞானம் அண்ணை' ஆனார்.

வெளிநாட்டு மாணவர் சங்கத்துக்குப் பல்கலைக்கழகம் ஒதுக்கியிருந்தது அந்த நிலவறை. சங்கம் என்றால் பெரிய கூட்டம் இல்லை. தொடர்ந்து வந்தவர்கள் நாங்கள் மூவர்தான். மற்றவர்கள் மழைக்கு ஒதுங்குவது போல வந்து போவார்கள்.

லாவ் தங்கியிருந்தது லா கோஷெட்டியே தெருவில், சித்தப்பாவின் மளிகைக் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேரோடு ஒரே கட்டிலில். படிக்க இடம் கிடையாது. ஒரு நாள் சொன்னான். நாங்கள் பேசியது ஆங்கிலம். நினைவில் தமிழாகத்தான் வருகிறது.

"சந்தானம், இந்த ஊர்ல எங்க போனாலும் நான் விருந்தாளி. கடையில சித்தப்பாவுக்கு விருந்தாளி, வகுப்புல வெள்ளைக்காரனுக்கு விருந்தாளி. இந்த ஒரு அறையிலதான் நான் மத்தவங்களுக்கு டீ குடுக்க முடியுது."

கெட்டில் அவன் கொண்டுவந்தது. மண்ணால் செய்த சிறிய டீப்பாட்டும் பிடி இல்லாத கோப்பைகளும் அவனுடையவை. முதலில் ஊற்றிய வெந்நீரை அப்படியே வடித்துக் கொட்டிவிடுவான். தேயிலைக்குக் குளிப்பாட்டு. இரண்டாவது தண்ணீர்தான் குடிக்க.

முதல் நாள் இதைப் பார்த்த ஞானம் அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"ஐசே, ஏன் அந்த மனிசன் நல்ல தேத்தண்ணியை ஊத்திக் கொட்டுறான்?"

"அது கழுவுற தண்ணியாம் அண்ணை."

குடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. "இது தேத்தண்ணியோ, கசாயமோ? பால் எங்கை? சீனி எங்கை?"

"ரெண்டும் கிடையாதாம்."

"உதென்ன கொடுமை! சீனாக்காரன்ரை தேத்தண்ணியிலை சீனி இல்லையோ!"

அதை லாவுக்கு மொழிபெயர்க்க முயன்று தோற்றேன். நகைச்சுவை புரியாமலே லாவ் சிரித்தான். அவன் அப்படித்தான். பிறர் சிரித்தால் காரணம் கேட்காமல் சேர்ந்துகொள்வான்.

முதல் சுற்று லாவ் ஊற்றுவான். கெட்டிலுக்கான ப்ளக் என் நாற்காலிக்குப் பின்னால் இருந்ததால், அடுத்தடுத்த சுற்றுகள் என் தலையில் விழுந்தன. அந்த நாற்காலி ரேடியேட்டரை ஒட்டிய நாற்காலி. வந்த முதல் நாளே லாவ் அதை எனக்கு விட்டுக்கொடுத்தது மரியாதைக்காக என்பது எனக்கு உறைக்கவில்லை. ஊற்றும் வேலை எனக்கு வந்தது மட்டும் உறைத்தது.

தட்டுகிறவர்கள்

என் அப்பாவைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை இரண்டு வரிதான் எழுதியிருக்கிறேன். 'ஓட்டல் துறையில் இருந்தார்' என்று. அது பொய் இல்லை. அவர் திருச்சியில் ஒரு காபி கிளப்பில் சப்ளையர்.

மார்பிள் மேசைகள். உட்காருகிறவர்கள் வாயால் கூப்பிட மாட்டார்கள். விரலால் மேசையைத் தட்டுவார்கள். டொக் டொக். அப்பா எங்கிருந்தாலும் திரும்புவார். பள்ளி விட்டதும் நான் அங்கே போய்ச் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து பாடம் எழுதுவேன். தட்டுகிறவனின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. தட்டும் விரல்களையும் திரும்பும் அப்பாவின் கழுத்தையும்தான் பார்த்திருக்கிறேன்.

உபகாரச் சம்பளம் வாங்கி, கடல் கடந்து, பனியில் வழுக்கி விழுந்து எழுந்து, கடைசியில் ஒரு நிலவறையில் உட்கார்ந்து தேநீர் ஊற்றினால், எதிரே ஒருவன் மேசையைத் தட்டுகிறான்.

ஒரு தடவை கேட்டிருக்கலாம். "ஏன்டா தட்டுறே?" என்று இரண்டே சொல். நான் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாதக்கணக்காக ஒவ்வொரு முறையும் திருப்பிக்கொண்டேன்.

ஒரு நாள் சங்கத்துக்குப் புதிதாக இரண்டு பேர் வந்திருந்தார்கள். லாவ் தட்டியபோது அவர்களில் ஒருவன் சிரித்தான். என்னைப் பார்த்துத்தான் சிரித்தான் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் காலை வகுப்புக்குப் போகவில்லை. நூலகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து மாணவர் நல அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நிலவறையில் அனுமதியில்லாமல் மின்சாரக் கெட்டில் உபயோகிக்கிறார்கள், தீ விபத்துக்கு வாய்ப்புண்டு, கலாசார நடவடிக்கைக்கு ஒதுக்கிய அறையில் தேநீர்க் கடை நடக்கிறது.

பெயர் போடவில்லை. நம் ஊரில் இதற்கு மொட்டைக் கடிதம் என்று பெயர். என் கையெழுத்து ஊரறிந்தது என்பதால், எல்லாவற்றையும் தனித்தனிப் பெரிய எழுத்துகளில், பள்ளிக்கூடப் பையன் எழுதியது போல எழுதினேன். நான் கவனிக்கத் தவறியது ஒன்றே ஒன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

அனுப்பியதும் மனசு லேசாகவில்லை. ஆகும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

நோட்டீஸ்

பத்து நாள் கழித்துக் கதவில் நோட்டீஸ். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். கெட்டிலை உடனே நிறுத்த வேண்டும். மூன்று வாரத்தில் விசாரணை. வெந்நீர் தேவைப்படும் கலாசார நடவடிக்கை ஏதோ நடக்கிறது என்பதைச் சங்கம் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் அறை திரும்பப் பெறப்படும்.

கெட்டில் போகும் என்று நினைத்தேன். அறையே போகும் என்று நினைக்கவில்லை. விதிமுறைகளை அப்போது நான் சரியாகப் படிக்கக் கற்றிருக்கவில்லை. பிற்பாடு கற்றேன். இதே நகரத்தில் ஒரு பெரிய நிறுவனத்தின் பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடம் வேறு எதையும் படிக்கவில்லை.

லாவ் நோட்டீஸை இரண்டு முறை படித்தான். முகம் வெளுத்துவிட்டது. அரிசி மூட்டைகளை நினைத்திருப்பான்.

"யாரோ புகார் குடுத்திருக்காங்க."

"ஆரெண்டு தெரிஞ்சால் நான் அவனைச் சும்மா விடமாட்டன்" என்றார் ஞானம் அண்ணை.

நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து லாவ் நிமிர்ந்தான். "வெந்நீர் வேணும்கிற கலாசாரம் என்னன்னு கேக்குறாங்க. டீதான் கலாசாரம். எழுதிக் காட்டிடுவோம்."

ஹாங்காங்கில் அவன் படித்த பள்ளியில் கையெழுத்துப் பத்திரிகை செய்வார்களாம். ஒரே ஒரு பெரிய தாள். அதைப் பத்திகளாகப் பிரித்து, ஓரத்தில் பூவேலை வரைந்து, நடுவே படம் போட்டு, எல்லாவற்றையும் கையால் எழுதிச் சுவரில் ஒட்டுவது. அச்சும் கிடையாது, இரண்டாவது பிரதியும் கிடையாது. நடந்து வந்து படிக்கிறவனுக்குத்தான் பத்திரிகை.

சங்கத்திடம் ஒரு தட்டச்சு இயந்திரம் இருந்தது, ஆனால் அதை எடுக்க ஒரு படிவம் வேண்டும், அந்தப் படிவத்தில் ஒருவர் கையெழுத்து வேண்டும், அந்த ஒருவர் விடுப்பில் இருந்தார். ஆகவே கையெழுத்துத்தான்.

"எழுதுறது சந்தானம்" என்றான் லாவ். "இவனை மாதிரி எழுத்து எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் இல்ல."

"ஓம், எழுத்து மட்டும் வடிவு" என்றார் ஞானம் அண்ணை.

ஆவி

வரைபடத்துக்கு வாங்கும் பெரிய கெட்டித் தாள் ஒன்று என் துறையிலிருந்து வந்தது. மேசைமேல் விரித்து நாலு மூலையிலும் கோப்பைகளை வைத்தோம். கெட்டில் ஓய்ந்திருந்ததால் கோப்பைகள் காலி. லாவ் பென்சிலால் பத்திகளுக்குக் கோடு இழுத்தான். நான் பேனாவை எடுத்தேன். தாளின் தலையில், நட்ட நடுவில், முதல் காரியமாக 'உ' என்று போட்டேன்.

"இது என்ன?" என்றான் லாவ்.

அப்போதுதான் போட்டதையே கவனித்தேன். "பிள்ளையார் சுழி. எங்க ஊர்ல எதை எழுத ஆரம்பிச்சாலும் முதல்ல இதைப் போடுவோம். தடங்கல் வராம இருக்க."

"எப்பவும் போடுவியா?"

"கை தானா போட்டுடும்."

லாவ் தலையைச் சாய்த்து அதைப் பார்த்தான். என் 'உ' கொஞ்சம் தனி மாதிரி. வால் வலப்பக்கம் நீளமாக ஓடி, கடைசியில் ஒரு சிறு கொக்கியாக மேலே திரும்பும். அவன் பென்சிலை எடுத்து அதற்கு நேர் கீழே ஒரு கோப்பை வரைந்தான். அவ்வளவுதான். பிள்ளையார் சுழி கோப்பையிலிருந்து எழும் ஆவி ஆகிவிட்டது.

"இதுதான் நம்ம சின்னம்" என்றான்.

ஞானம் அண்ணை கத்தோலிக்கர். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாயிருக்கு. பிள்ளையாரைப் பிடிச்சுத் தேத்தண்ணிக்குள்ளை இறக்கிப்போட்டான். நான் வேதக்காரன், எனக்கொண்டுமில்லை. உமக்குத்தான் பாவம்."

அன்று மூவரும் சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் சிரித்தது எப்படி என்றுதான் இப்போது தெரியவில்லை.

விஷயங்கள் சேர்ந்தன. தேயிலை ஏன் குளிக்கிறது என்று ஒரு பத்தி. டீப்பாட்டின் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் 'இன்னும் வெந்நீர் வேண்டும்' என்று அர்த்தம், வாய் திறக்க வேண்டியதில்லை என்று ஒரு பத்தி. ஞானம் அண்ணை ஒரு மூலையைத் தனக்கு வாங்கிக்கொண்டார். சீனாவில் ஒரு பக்கத்துக் கடற்கரைக்காரர்கள் 'தே' என்றும் மற்றவர்கள் 'சா' என்றும் சொல்ல, கப்பலில் போன இடத்திலெல்லாம் தே, வேறு வழியாகப் போன இடங்களில் சா என்று லாவ் சொன்னதைக் கேட்டு, அவர் ஒரு கண்டுபிடிப்புக்கு வந்திருந்தார். தமிழன் தேத்தண்ணி என்றும் சொல்வான், சாயா என்றும் சொல்வான், ஆகவே இரண்டு பக்கத்தாலும் குடித்த ஒரே இனம் நாங்கள்தான். இதை ஆங்கிலத்தில் எழுதி, கீழே தன் பெயரைப் பட்டத்தோடு போடச் சொன்னார்.

விரல்கள் மண்டியிடுவது

நாலாவது பத்திக்கு லாவ் கொடுத்த காகிதத்தைப் பார்த்து, வரிவரியாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். பிரதி எடுக்கும்போது அர்த்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் மண்டைக்குள் போகும். கை முன்னால் போகும், புத்தி பின்னால் வரும்.

அந்தக் காலத்தில் ஓர் அரசன் மாறுவேடத்தில் ஊர் சுற்றினானாம். ஒரு தேநீர் விடுதியில் தன் பணியாளுக்கு அவனே தேநீர் ஊற்றிவிட்டான். அரசன் கையால் வாங்கும்போது மண்டியிட்டுத் தலை தாழ்த்த வேண்டும். செய்தால் வேடம் கலைந்துவிடும். பணியாள் இரண்டு விரல்களை மடக்கி மேசைமேல் தட்டினான். மடங்கிய விரல்கள் மண்டியிட்ட கால்கள். தட்டுவது தலை தாழ்த்துவது. அதிலிருந்து, எங்களுக்கு யார் தேநீர் ஊற்றினாலும் நாங்கள் பேச்சை நிறுத்தாமலே இரண்டு விரலால் தட்டுவோம். ஊற்றுகிறவர் அந்தக் கணத்துக்கு அரசர்.

'அரசர்' என்ற சொல்லில் பேனா நின்றுவிட்டது. மை சொட்டித் தாளில் ஒரு பொட்டு விழுந்தது.

"பரவாயில்ல" என்றான் லாவ். "அதை ஒரு இலையா வரைஞ்சுடலாம்."

"லாவ்..." என்றேன். "நீ தட்டினது..."

"ஆமா, உனக்குத்தான். உனக்குத் தெரியாதா?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "ஒவ்வொரு தடவையும் நீ முகத்தைத் திருப்பிக்குவே. உங்க ஊர்ல நன்றியை நேரா வாங்கிக்கிறது மரியாதை இல்லை போலிருக்குன்னு நினைச்சேன். நல்ல பழக்கமா இருக்கேன்னு சித்தப்பாகிட்டகூடச் சொன்னேன்."

மைப்பொட்டு இலையாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நரம்பு, காம்பு எல்லாம் போட்டான்.

திரும்பப் பெறுதல்

மறுநாள் காலை மாணவர் நல அலுவலகத்தில் நின்றேன். அங்கே எழுத்தராக இருந்தவர் மதாம் த்ராம்ப்ளே. கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார்.

"பொன்ஜூர், முசியே."

"ஒரு புகாரைத் திரும்ப வாங்கிக்கணும்."

"உங்க புகாரா?"

"இல்ல. பொதுவா கேக்குறேன். பெயர் போடாத புகாரா இருந்தா?"

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "புகார் குடுத்தவர் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத் திரும்ப வாங்கலாம்."

"சரி."

"ஆனா பெயரில்லாத புகாருக்குக் குடுத்தவர்னு யாரும் இல்ல. இல்லாதவர் வந்து கையெழுத்துப் போட முடியாது." சற்று நிறுத்தினார். "பெயர் சொல்லிட்டா முடியும்."

பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். பெயர் சொல்வது ஒரு நிமிட வேலை.

"மெர்சி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இடையில் ஒரு தகவல். என் உத்தியோக காலத்தில் நான் சொந்தமாக உருவாக்கிய படிவம் ஒன்றே ஒன்று. புகாரைத் திரும்பப் பெறும் படிவம். பெயர் எழுதும் கட்டம் அதில் விருப்பத்துக்கு உட்பட்டது. நான் ஓய்வு பெறும்வரை ஒருவரும் அதைக் கேட்டு வரவில்லை.

விசாரணை

பத்திரிகையைச் சுவரில் ஒட்டினோம். ஓரத்தில் லாவ் வரைந்த மூங்கில் இலைகள், நடுவில் டீப்பாட், தலையில் ஆவி பறக்கும் கோப்பை. சொல்லக் கூடாது, எழுத்து அழகாகவே இருந்தது.

மாணவர் நல அதிகாரி வந்தார். நெட்டையானவர், சோர்ந்த மனிதர். இன்று நினைத்தால் அவர்மேல் பரிதாபம் வருகிறது. அன்று அவருக்கு அது எத்தனையாவது விசாரணையோ. பின்னால் கோப்போடு மதாம் த்ராம்ப்ளே.

காட்டுவதற்காக அன்று மட்டும் கெட்டிலுக்கு அனுமதி. லாவ் ஊற்றினான். அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டு, "பால் உண்டா?" என்று கேட்டார். ஞானம் அண்ணை என் காதில், "மனிசன் எங்கட ஆள்" என்றார்.

அதிகாரி சுவர்முன் நின்று நிதானமாகப் படித்தார். நாலாவது பத்தியிடம் வந்ததும் தன் விரல்களையே ஒரு தரம் மடக்கிப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

உட்கார்ந்தார். கோப்புக்கட்டைப் பிரித்தார். கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பெரிய பெரிய எழுத்துகள். அவற்றுக்கெல்லாம் மேலே, தாளின் தலையில், நட்ட நடுவில், வால் நீண்டு கொக்கியாக முடியும் ஒரு 'உ'.

மொட்டைக் கடிதத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டு அனுப்பியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கையெழுத்தை மாற்ற அத்தனை பாடுபட்டும், கை தன் முதல் வேலையை என்னைக் கேட்காமலே முடித்திருந்தது.

மதாம் த்ராம்ப்ளே கடிதத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐசே" என்று காதருகே ஒரு மூச்சு. "உது பிள்ளையார் சுழியெல்லே?"

அதிகாரியும் கண்டுகொண்டார். "இதே குறி சுவரிலும் இருக்கிறதே. இது என்ன?"

நான் லாவைப் பார்க்கவில்லை. அவன் பார்ப்பது தெரிந்தது. அந்த அறையில் அந்தக் குறியைப் போடும் ஆள் நான் ஒருவன்தான். எப்போதும் போடுவேன் என்று நானே சொல்லியிருந்தேன். கை தானாகப் போட்டுவிடும் என்றும்.

ரேடியேட்டர் ஒரு முறை இருமியது.

"அது எங்க சங்கத்தின் சின்னம்" என்றான் லாவ். குரல் சாதாரணமாக இருந்தது. "கோப்பையிலிருந்து வரும் ஆவி. அந்தக் கடிதத்தை நாங்கதான் எழுதினோம்."

"உங்கள்மேல் நீங்களே புகார் கொடுத்தீர்களா?"

"அனுமதி வாங்க எந்தப் படிவம்னு எங்களுக்குத் தெரியல. புகார் குடுத்தா நீங்களே வந்து சொல்வீங்கன்னு நினைச்சோம். நாங்க வெளியூர்க்காரங்க. வேற யாராவது குடுக்கிறதுக்கு முன்னாடி நாமே குடுத்துடுறது நல்லதில்லையா?"

அதிகாரி அவனையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். தன் இத்தனை வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு சங்கத்தைப் பார்த்ததில்லை என்றார். அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்: அறை சங்கத்துக்கே. இந்தக் கையெழுத்துப் பத்திரிகையின் புதிய இதழ் சுவரில் இருக்கும் வாரங்களில் மட்டும் கெட்டிலுக்கு அனுமதி.

ஆக வாராவாரம் ஓர் இதழ். தேநீர் குடிக்க வேண்டுமானால் தேநீரைப் பற்றி எழுதியாக வேண்டும். வாரப் பத்திரிகையில் தொடர் எழுதும் தண்டனை எனக்கு அன்றே ஆரம்பித்துவிட்டது.

பேந்து

அவர்கள் போன பிறகு, ஞானம் அண்ணை என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். மூன்று வாரத்துக்கு முன் சும்மா விடமாட்டேன் என்றவர். கையை ஓங்கியிருந்தால் வாங்கியிருப்பேன்.

"நான் வாய் திறக்கேல்லை. அவனும் திறக்கேல்லை. நீர் போய்த் திறவும்."

"சொல்றேன் அண்ணை."

"எப்ப?"

'பிறகு' என்பதற்கு அவரிடம் கற்றுக்கொண்ட சொல்தான் வாயில் வந்தது. "பேந்து."

உள்ளே போனேன். கெட்டில் கொதித்திருந்தது. லாவ் தன் இடத்தில் உட்கார்ந்து அடுத்த இதழுக்குப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். என் நாற்காலி ரேடியேட்டர் பக்கத்தில் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். அவன் கோப்பையில் ஊற்றினேன். கொஞ்சம் சிந்தியது.

லாவ் பேச்சை நிறுத்தவில்லை, ஏனென்றால் பேசிக்கொண்டிருக்கவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"தேங்க் யூ" என்றான்.

விரல்கள் பென்சிலைப் பிடித்தபடியே இருந்தன.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு குளிர்காலம் சேர்ந்து பத்திரிகை நடத்தினோம். சண்டை இல்லை. என் பிறந்த நாளுக்குச் சித்தப்பா கடையிலிருந்து தேயிலைகூடக் கொண்டுவந்து கொடுத்தான். ஊற்றும்போதெல்லாம், தவறாமல், நல்ல ஆங்கிலத்தில் "தேங்க் யூ." அலுவலக எழுத்தருக்குச் சொல்வது போல. பட்டம் வாங்கி வான்கூவர் போனான். சில வருடம் வாழ்த்து அட்டை வந்தது. உறையின் மூலையில் ஒரு கோப்பை வரைந்திருப்பான். மேலே ஆவி இருக்காது.

ஞானம் அண்ணை சாகும்வரை, எப்போது பார்த்தாலும் கேட்பார்: "பேந்து வந்திட்டுதோ?"

இப்போது லாசாலில் ஒரு அடுக்ககத்தில் இருக்கிறோம். காலையில் மனைவி டீ ஊற்றுகிறாள். பால் விட்டு, சர்க்கரை போட்டு, நம் டீ. எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, இனி போகாது. அவள் ஊற்றும்போது என் இரண்டு விரல்கள் மடங்கி மேசையைத் தட்டும்.

"தட்டாதீங்க, ஊத்திக்கிட்டுத்தானே இருக்கேன்" என்பாள். "நான் என்ன சப்ளையரா?"

முதல் தடவை அப்படிச் சொன்னபோது நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பாவை அவளுக்குத் தெரியும். இப்போது கடித்துக்கொள்வதில்லை. நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். விளக்கம் சொல்ல வாயெடுத்தால் கடிதத்தில் போய்த்தான் முடியும் என்பதால், நானும் ஒன்றும் சொல்வதில்லை. நாளைக்கும் தட்டுவேன், நாளைக்கும் திட்டு வாங்குவேன்.

இந்தப் பத்திரிகை வெள்ளிக்கிழமை வரும். தமிழ்க் கடையில் கறிவேப்பிலைக் கட்டோடு அவள்தான் எடுத்துக்கொண்டு வருவாள். எனக்கு முன்னால் அவள்தான் படிப்பாள்.